சைலன்சரில் ஐந்து விரல் ரேகை!
கறுப்பு மணலில் பிறந்த 'டைட்டானியம்': தேய்க்கத் தெரியாமல் தேய்த்தால் ஆபத்து

காரின் அடியில் புதிய சைலன்சர் பளபளவென்று மின்னியது.

வெள்ளியைப்போல ஒரு மினுமினுப்பு. விலையும் வெள்ளிக்குக் கொடுப்பது போலத்தான்!

மெக்கானிக் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். இடத்தில் பொருத்தினார். நட்டுகளை முடுக்கினார். எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் கணீர் என்று இருந்தது. கார்க்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

மறுநாள் காலையில் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

சைலன்சரின் மேல் ஐந்து விரல்கள்! காவல் நிலையத்தில் ரேகை எடுத்ததுபோல, தவிட்டு நிறத்தில் அப்படியே பதிந்திருந்தன.

"என்ன மேஸ்திரி, இது உங்கள் கைதானே?"

"ஆமாம் சார். துடைத்தால் போய்விடும்."

துடைத்தார். போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினார். போகவில்லை. பெட்ரோலில் துணியை நனைத்துத் தேய்த்தார். அப்பொழுதும் போகவில்லை!

இந்தக் காட்சி ஏதோ ஒரு பட்டறையில் மட்டும் நடப்பது அல்ல. டைட்டானியம் சைலன்சர் மாட்டும் ஊர்களில் எல்லாம் இது நடக்கிறது.

இரும்புக் குழாயில் எத்தனை கை பட்டாலும் இப்படி ஆவது இல்லை. டைட்டானியத்துக்கு மட்டும் என்ன வந்தது?

புளிக்கு மசியாத உலோகம்

வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். வெள்ளிக் கிண்ணத்துக்கு விபூதி. இரும்புச் சட்டிக்குத் தேங்காய் நார். ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு பக்குவம். அதைப் பாட்டி சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

டைட்டானியத்துக்குப் பக்குவம் சொல்ல எந்தப் பாட்டியும் இல்லை. அது உலோகமாகக் கடைக்கு வந்தே 80 வருடம் ஆகவில்லை!

ஆனால், அது பிறந்த மண் நமக்குப் புதியது அல்ல.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். மணலுக்கு ஏன் இந்த நிறம்? அதில் 'இல்மனைட்' என்ற தாது கலந்து இருக்கிறது. இரும்பும், டைட்டானியமும், ஆக்சிஜனும் சேர்ந்த தாது அது. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே மணலைப் பிரித்து எடுக்கிறது.

இதே மாதிரி ஒரு கறுப்பு மணல்தான் இந்த உலோகத்தையே உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது.

இங்கிலாந்தில் கார்ன்வால் என்ற பகுதியில் வில்லியம் கிரெகர் என்று ஒரு பாதிரியார் இருந்தார். கற்களையும் மண்ணையும் சோதித்துப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 1791-ம் ஆண்டில், ஓர் ஓடையில் கிடந்த கறுப்பு மணலைக் காந்தம் இழுப்பதைப் பார்த்தார். சோதித்தார். இரும்பு இருந்தது. அத்துடன், அதுவரை யாருக்கும் தெரியாத வேறு ஒரு பொருளும் இருந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 1795-ல், ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி கிளாப்ரோத் வேறு ஒரு தாதுவில் அதே பொருளைக் கண்டார். கிரேக்கப் புராணத்தில் 'டைட்டன்கள்' என்று பலசாலிகள் வருவார்கள். அவர்கள் நினைவாக 'டைட்டானியம்' என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்தார்களே தவிர, உலோகத்தைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. ஆக்சிஜனை அது அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு இருந்தது! 1910-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஹன்டர் என்பவர் ஏறக்குறையச் சுத்தமான டைட்டானியத்தை எடுத்தார். லக்சம்பர்க் நாட்டைச் சேர்ந்த குரோல், அதைப் பெரிய அளவில் எடுக்க 1930-களில் ஒரு வழி கண்டுபிடித்தார். 1948-ல் அமெரிக்காவில் அது வியாபாரத்துக்கு வந்தது.

குரோலின் வழி சுலபமானது அல்ல. தாதுவைக் கரியுடன் சேர்த்துச் சூடாக்கி, குளோரின் வாயுவைச் செலுத்துவார்கள். அதில் இருந்து ஒரு திரவம் கிடைக்கும். அதைக் காய்ச்சி வடித்து, காற்றே புகாத கலத்தில் மக்னீசியத்துடன் சேர்ப்பார்கள். கடைசியில் கிடைப்பது தேன் அடைபோல ஓட்டை ஓட்டையான ஒரு கட்டி. அதை வெற்றிடத்தில் உருக்கித் தகடாக அடிக்க வேண்டும். விலை ஏன் ஏறுகிறது என்று இப்போது புரியும்.

இந்தக் கட்டியைத் தயாரிக்கும் தொழிற்சாலை கேரளத்தில் கொல்லம் அருகே சவறாவில் 2011-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 500 டன் தயாரிக்கும் அளவுக்கு அமைத்தார்கள். அது ராக்கெட்டுக்கும் விண்வெளி வேலைக்கும் என்று அமைத்தது. கார் சைலன்சருக்காக அல்ல!

காருக்கு வந்த கதை

ஒரே அளவில் இரண்டு கட்டி. ஒன்று எஃகு, மற்றது டைட்டானியம். எஃகு 100 கிலோ இருந்தால், டைட்டானியம் 57 கிலோதான் இருக்கும். ஆனால் பலத்தில் எஃகுக்குச் சளைக்காது. துருவும் பிடிக்காது.

கார் செய்கிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

1956-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரு கண்காட்சிக் கார் செய்தது. பெயர் 'பயர்பேர்ட்-2'. அதன் உடம்பே டைட்டானியம்! பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால், அது கடைக்கு வரவில்லை. விலை கட்டுப்படி ஆகாது.

1990-ல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி, 'என்.எஸ்.எக்ஸ்.' காரில் எஞ்சினுக்கு உள்ளே பிஸ்டனைத் தாங்கும் 'கனெக்டிங் ராடு'களை டைட்டானியத்தில் செய்தது. 2001-ம் ஆண்டு மாடல் 'கார்வெட் இசட்-06' காரில் சைலன்சரே டைட்டானியம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பந்தயக் கார், பந்தய மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் அது நுழைந்தது. நட்டு, போல்ட்டுகூட டைட்டானியத்தில் வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. நீல நிறம் ஏற்றிய எவர்சில்வர் குழாயை 'டைட்டானியம்' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. காந்தத்தை வைத்துப் பார்த்து ஏமாறவேண்டாம். நல்ல எவர்சில்வர் பலவற்றிலும் காந்தம் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள். எடை பொய் சொல்லாது.

கண்ணுக்குத் தெரியாத தோல்

டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. உண்மையில் அது இரும்பைவிட வேகமாகக் காற்றுடன் சேர்கிறது!

அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால், அந்தக் கணமே காற்றில் உள்ள ஆக்சிஜன் அங்கே ஒட்டிக்கொள்கிறது. மெல்லிய தோல் ஒன்று மூடுகிறது. இரும்பின் துரு பொருக்கு பொருக்காக உதிரும். டைட்டானியத்தின் தோல் உதிராது. இறுகப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், ஒரு கூறுக்கு 'நானோமீட்டர்' என்று பெயர். இந்தத் தோல் சில நானோமீட்டர் கனம்தான். கண்ணுக்குத் தெரியாது.

சூடு பட்டால் தோல் வளரும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கிறது!

முதலில் வைக்கோல் மஞ்சள். பிறகு தங்க நிறம். பிறகு ஊதா. பிறகு மயில் கழுத்து நீலம். அந்தத் தோலுக்குச் சொந்தமாக நிறமே கிடையாது. மழைநாளில் ரோட்டில் எண்ணெய் சிந்தினால் வானவில் தெரியும் அல்லவா? சோப்புக் குமிழியில் நிறம் ஓடும் அல்லவா? அதே கதைதான். தோலின் மேல்பக்கம் திரும்பும் ஒளியும், அடிப்பக்கம் திரும்பும் ஒளியும் கலந்து நிறம் காட்டுகின்றன. தோலின் கனம் கொஞ்சம் மாறினால் நிறம் மாறிவிடும். நல்ல நீலத்துக்குச் சில பத்து நானோமீட்டர் கனம் போதும். ஒரு தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அல்ல!

எஞ்சினுக்கு அருகில் குழாய் கடுமையாகச் சூடாகும். வால் பக்கம் சூடு குறைவு. அதனால், ஓடிப் பழகிய டைட்டானியம் குழாயில் ஒரு பக்கம் சாம்பல் நிறம், நடுவில் நீலமும் ஊதாவும், முனையில் தங்க நிறம் என்று வரிசையாகப் படிந்து இருக்கும். சாம்பல் நிறத்துக்கு அப்பால் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்தால் நல்லது அல்ல. ஆக்சிஜன் உள்ளேயே இறங்கி, உலோகத்தை நொறுங்கும்படி ஆக்கியிருக்கும். அதைத் தேய்த்து மறைக்காமல் மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

இப்போது விரல் ரேகைக்கு வருவோம்.

விரலில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. வேர்வை உண்டு. வேர்வையில் உப்பு உண்டு. குழாய் சூடானதும் பிசுக்கு கருகுகிறது. அந்த இடத்தில் மட்டும் தோல் வேறு கனத்தில் வளர்ந்துவிடுகிறது. கறை உலோகத்தின் மேல் ஒட்டிய அழுக்கு அல்ல. உலோகத்தின் தோலே அப்படி ஆகிவிட்டது. சோப்புப் போட்டால் எப்படிப் போகும்?

குழாய்த் தண்ணீர் செய்த கூத்து

கழுவுவதால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். கெட்ட கதை ஒன்று உண்டு. அது காரில் நடந்தது அல்ல. ஆகாய விமானத்தில் நடந்தது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா ஒரு வேவு விமானம் கட்டியது. மணிக்கு 3 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானம். அந்த வேகத்தில் காற்று உராய்ந்தே உடம்பு கொதிக்கும். அலுமினியம் தாங்காது. ஆகவே விமானத்தின் பெரும்பகுதியை டைட்டானியத்தில் செய்தார்கள். 'எஸ்.ஆர்.-71' என்று பிறகு புகழ் பெற்ற விமானக் குடும்பம் அதுதான். (அதற்கு வேண்டிய டைட்டானியத்தில் ஒரு பகுதியை, வேவு பார்க்கப்பட வேண்டிய ரஷியாவிடம் இருந்தே மறைமுகமாக வாங்கினார்கள் என்பது தனிக் கதை!)

கலிபோர்னியாவில் பர்பாங்க் என்ற ஊரில் லாக்ஹீட் தொழிற்சாலையில் வேலை நடந்தது. அங்கே ஒரு புதிர் எழுந்தது.

குளிர்காலத்தில் பற்றவைத்த இறக்கைத் தகடுகள் நன்றாக உழைத்தன. கோடைக்காலத்தில் பற்றவைத்தவை சீக்கிரமே கெட்டுப்போயின.

அதே உலோகம். அதே ஆட்கள். அதே இயந்திரம். கோடைக்கும் குளிருக்கும் என்ன வித்தியாசம்?

ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார்கள். கடைசியில், தகடுகளைக் கழுவும் தண்ணீரில் போய் நின்றது. கோடையில் ஊர்த் தண்ணீரில் பாசி பிடிக்காமல் இருக்க அதிகமாகக் குளோரின் கலந்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் கழுவிய தகடுதான் பழுதானது! அதன் பிறகு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. முடுக்கிய போல்ட்டுகள் சூடானதும், அவற்றின் தலை கழன்று விழுந்தது! முடுக்கிய ஸ்பானரைப் பார்த்தார்கள். அதன்மேல் காட்மியம் பூச்சு. அதில் ஒட்டிய துளியளவு காட்மியம் போல்ட்டைக் கெடுத்துவிட்டது. தொழிலாளர்களின் பெட்டிகளைத் திறந்து, காட்மியம் பூசிய கருவிகளை எல்லாம் பொறுக்கி அகற்றினார்கள்.

கார் சைலன்சர், விமான இறக்கை அல்ல. குழாய்த் தண்ணீரில் கழுவினால் உடைந்துவிடாது. ஆனால் பாடம் ஒன்றுதான். குளிர்ந்து இருக்கும்போது டைட்டானியத்துக்குக் கடல் தண்ணீரும் ஒன்றும் செய்யாது. மேலே ஏதாவது ஒட்டியிருக்க, அப்படியே சூடு ஏற்றினால்தான் வினை.

எப்படிச் சுத்தம் செய்வது?

முதல் நாள்தான் முக்கியமான நாள்.

புதிய குழாயை மாட்டியதும், எஞ்சினைத் தொடக்கூடாது. மெல்லிய துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனைத்துக் குழாய் முழுவதும் துடைக்கவேண்டும். அசிட்டோனும் ஆகும். ஆனால் அது பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். இரண்டுமே சட்டென்று தீப்பிடிக்கக் கூடியவை. திறந்த வெளியில், குளிர்ந்த குழாயில்தான் பயன்படுத்தவேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஆவி முழுவதும் பறந்த பிறகே எஞ்சினை ஓட்டவேண்டும். துடைத்த பிறகு வெறும் கையால் தொடக்கூடாது. கையுறை வேண்டும்.

ஐந்து நிமிட வேலை. இதைச் செய்திருந்தால் மேஸ்திரியின் விரல்கள் மேலே விழுந்திருக்காது.

அன்றாடக் கழுவலுக்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். குழாய் நன்றாக ஆறட்டும். பாத்திரம் துலக்கும் லேசான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, பிறகு நல்ல தண்ணீர், உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். சொட்டுச் சொட்டாகக் காய விட்டால் உப்புப் புள்ளி நிற்கும். கடற்கரைப் பக்கம் ஓட்டிய கார் என்றால், அடுத்த முறை எஞ்சினைச் சூடாக்கும் முன்பே கழுவிவிடுவது நல்லது. டைட்டானியம் பிரேமில் மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கும் இதே சோப்புத் தண்ணீர் போதும்.

கறை பதிந்துவிட்டால் தோலைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். அடுப்படியில் கிடக்கும் இரும்பு நாரை எடுத்துத் தேய்க்கிறார்கள். இரும்புத் துணுக்குகள் டைட்டானியத்தில் பதிந்துகொள்ளும். நாலு நாள் கழித்து அவை துருப்பிடிக்கும். "துருப்பிடிக்காத உலோகம் என்றார்களே, ஏமாற்றிவிட்டார்கள்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷும் கூடாது.

பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரில், சொரசொரப்புக் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் விட்டுக்கொண்டு, உலோகத்தின் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்க்கவேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும்.

கீறல் இருந்தால் 'வாட்டர் பேப்பர்' என்று பட்டறையில் சொல்லும் கறுப்பு உப்புத்தாள் வேண்டும். 600 நம்பரில் தொடங்கி 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக ஏறவேண்டும். ஒரு நம்பரின் கோடு முழுவதும் மறைந்த பிறகே அடுத்த நம்பர். நம்பர் மாறும்போது துணியையும் தண்ணீரையும் மாற்றவேண்டும். பழைய தூள் ஒன்று சிக்கினால் போதும். செய்த வேலை வீண்.

கண்ணாடிபோல மின்னவேண்டுமா? அதற்குப் பஞ்சுச் சக்கரமும் உலோகப் பாலீஷும் வேண்டும். அதில் பொறுமை வேண்டும்.

டைட்டானியம் ஒரு விசித்திரமான உலோகம். சூடு அதன் வழியாகச் சுலபமாக ஓடாது. அலுமினியத்தில் சூடு பத்துப் பங்குக்கு மேல் வேகமாகப் பரவும். டைட்டானியத்தில் தேய்க்கும் இடத்திலேயே சூடு தங்கிவிடும். அழுத்தித் தேய்த்தால் உலோகம் பிசின்போல இழுபடும், சக்கரத்தில் ஒட்டும், தேய்த்த இடமே நீலம் பாரிக்கும். பாலீஷ் போட வந்தவன் புதிய கறையை உண்டாக்கிவிட்டுப் போவான்! மெதுவான வேகம், லேசான அழுத்தம், கை வைத்துப் பார்த்தால் சுடாத அளவு. அதுதான் கணக்கு.

தண்ணீர் ஊற்றாதே!

கையால், தண்ணீர் விட்டுத் தேய்க்கும்வரை பயம் இல்லை. கரண்டுச் சக்கரம் சுழலத் தொடங்கியதும் கதை மாறுகிறது.

2015 முதல் 'பார்முலா-1' கார்ப் பந்தயத்தில், கார்களின் அடியில் டைட்டானியக் கட்டைகள் வைக்கிறார்கள். இரவில் கார் தரையில் உரசும்போது வாணவேடிக்கைபோல வெள்ளைத் தீப்பொறி சீறும். டி.வி.யில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தப் பொறிகள் எரிகிற டைட்டானியம்!

கட்டியாக, குழாயாக இருக்கும்போது டைட்டானியம் லேசில் எரியாது. சைலன்சர் தீப்பற்றிவிடுமோ என்று பயப்படவேண்டியது இல்லை. ஆனால் அதையே மாவுபோலத் தூளாக்கினால், ஒரு பொறி போதும். எரியத் தொடங்கினால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளி; கடுமையான வெப்பம்.

பட்டறையில் ஆபத்து எப்படி வருகிறது? காலையில் ஒருவர் சக்கரத்தில் டைட்டானியம் தேய்க்கிறார். தூள் சக்கரத்தின் அடியிலும், மேஜை இடுக்கிலும், பஞ்சு வேஸ்ட்டிலும் படிகிறது. யாரும் கூட்டவில்லை. மாலையில் இன்னொருவர் அதே சக்கரத்தில் இரும்பைப் பிடிக்கிறார். இரும்பில் இருந்து பொறி பறக்கிறது. காலையில் படிந்த தூளின் மேல் விழுகிறது.

அதற்குப் பிறகு செய்யும் தவறுதான் உயிரைக் குடிக்கும்.

தீ என்றதும் கை வாளியைத் தேடும். ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். எரிகிற டைட்டானியம் தண்ணீரைப் பிளக்கும். அதில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மீதி ஹைட்ரஜன் வாயு! அது வெடிக்கும். எரியும் உலோகம் நாலாபக்கமும் சிதறும்.

சுவரில் தொங்கும் சாதாரணத் தீ அணைக்கும் கருவிகளும் இதற்கு உதவாது. கரியமில வாயுவை அடித்தாலும் டைட்டானியம் விடாது. அதிலும் ஆக்சிஜன் இருக்கிறதே! காற்றில் பெரும்பங்காக இருக்கும் நைட்ரஜனில்கூட எரியக்கூடிய உலோகம் இது. மற்ற உலோகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் துணிச்சல் கிடையாது.

உலோகத் தீக்கு என்றே 'டி' வகைத் தீ அணைப்பான் விற்கிறார்கள். அது இல்லாவிட்டால், நன்றாக உலர்ந்த மணல் அல்லது உலர்ந்த சாப்பாட்டு உப்பு. வீசி எறியக்கூடாது, தூள் கிளம்பும். பக்கத்தில் இருந்து மெல்லச் சரித்து மூடவேண்டும். மூடிய பிறகு கிளறிப் பார்க்கக்கூடாது. தீ சிறியதாக இருந்தால்தான் இதுவும். பெரியதானால் ஆட்களை வெளியேற்றிவிட்டு, தீ அணைப்பு நிலையத்துக்குச் சொல்லவேண்டும். "எரிவது டைட்டானியம்" என்று மறக்காமல் சொல்லவேண்டும். மணல் ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம்.

இரும்புக்கு ஒரு சக்கரம், டைட்டானியத்துக்கு ஒரு சக்கரம் என்று தனித்தனியாக வைத்திருக்கும் பட்டறைகள் கெட்டிக்காரப் பட்டறைகள். வேலை முடிந்த அன்றே தூளை மெல்லக் கூட்டி அள்ளிவிடவேண்டும். காற்று அடித்து ஊதக்கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்த்த சேற்றையும் மூலையில் குவித்துக் காயவிடக்கூடாது. எண்ணெய்த் துணியுடன் சேர்த்துப் போடவே கூடாது. கண்ணாடியும் மூக்கு மூடியும் போட்டுக்கொள்ளவேண்டும் என்று தனியாகச் சொல்லவேண்டியது இல்லை. ஆனாலும் எத்தனை பட்டறையில் போடுகிறார்கள்?

பாட்டிலில் வரும் எமன்

"ஒரு நிமிடத்தில் பளபளப்பு!" என்று சக்கரம் கழுவும் திரவங்கள் விற்பனைக்கு வருகின்றன. துரு எடுக்கும் திரவங்களும் வருகின்றன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் அல்லது அதைச் சேர்ந்த உப்பு இருக்கும்.

டைட்டானியத்தின் தோலைக் கரைப்பதில் இந்த அமிலத்துக்கு இணை கிடையாது. உலோகத் தொழிற்சாலைகளில் தகட்டின் மேல் இருக்கும் பொருக்கை எடுக்க, நைட்ரிக் அமிலத்துடன் இதைக் கலந்து கணக்காகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டு. வீட்டு வாசலில் யார் இருக்கிறார்கள்?

குழாய் போனால் போகட்டும். கை என்ன ஆகும்?

நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலம் பட்டால், உடனே எரிச்சல் தெரியாமலும் இருக்கும். சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறையப் பட்டால் இதயத்தையே நிறுத்திவிடும். பட்ட உடனே ஓடும் தண்ணீரில் கழுவி, வலி இருக்கிறதோ இல்லையோ, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பாட்டிலையும் கையோடு கொண்டுபோவது நல்லது. டாக்டருக்கு அது உதவும்.

லேபிளில் 'புளோரிக்', 'புளோரைடு' என்ற எழுத்துகள் தெரிந்தால், அந்தப் பாட்டில் டைட்டானியத்துக்கு ஆகாது. கழிவறை கழுவும் அமிலமும் ஆகாது.

தொடக்கூடாத பாகங்கள்

சைலன்சரின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கலாம். அத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

எஞ்சினுக்குள் இருக்கும் டைட்டானிய வால்வு, கனெக்டிங் ராடு ஆகியவற்றுக்குப் பாலீஷ் போட ஆசைப்படக்கூடாது. பலவற்றின் மேல் தேய்மானம் தடுக்கும் பூச்சு இருக்கும். அளவும் முடி அளவு துல்லியம். பிரேக் பாகங்களையும் விட்டுவிட வேண்டும்.

நீலம், ஊதா, தங்க நிறங்களில் வரும் போல்ட்டுகள் உண்டு. அந்த நிறம் பெயின்ட் அல்ல. மின்சாரம் செலுத்தி வளர்த்த அதே தோல்தான். பாலீஷ் போட்டு இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் நிறம் ஓடிவிடும். போன நிறத்தை வாங்க மறுபடியும் காசு கொடுக்கவேண்டும்.

சைலன்சரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் தகடு பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் கனம்தான். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் இருந்துதான் கொஞ்சம் போகிறது. கஷ்டப்பட்டு வெள்ளி நிறத்துக்குக் கொண்டுவந்தாலும், நீளமாக ஒரு பயணம் போய் வந்தால் எஞ்சின் பக்கம் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பிறகு ஊதா. பிறகு நீலம். அதனால்தான் டைட்டானியம் வைத்திருப்பவர்களில் பலர் நீலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு அழகாகவும் இருக்கிறது!

மேஸ்திரியின் ஐந்து விரலை என்ன செய்வது?

அந்த இடத்தை மட்டும் தேய்த்தால், அங்கே ஒரு வெள்ளைத் திட்டு நிற்கும். ஆகவே குழாய் முழுவதையும் கழற்றித் தேய்க்கவேண்டும். நைலான் நார், தண்ணீர், ஒரே பக்கமாக இழுப்பு. பிறகு ஆல்கஹால் துணியால் ஒரு துடைப்பு. அரை நாள் வேலை.

தேய்த்து முடித்த குழாயை மறுபடியும் தூக்கி மாட்டவேண்டும்.

"மேஸ்திரி, கையுறை எங்கே?"